இல்லத்திற்கு ஓர் ஒளித்தட்டுக் கருவி

மனிதன் தான் கண்டதையும் கேட்டதையும் தன் பின்னோர்க்கு வைத்துச் செல்ல விழைவது என்றும் உள்ள இயல்பு. கல்லில் வெட்டினான், ஓலையில் கீறினான், தாளில் அச்சிட்டான். பின்னர் இசைத்தட்டிலும், ஒலிநாடாவிலும், இறுதியில் பளபளக்கும் ஒளித்தட்டிலும் பதிந்து வைத்தான். ஆயினும் இவற்றினிடையே ஒரு பெரும் வேற்றுமை உண்டு. கல்வெட்டையும் ஓலையையும் படிக்கக் கண்ணும் கல்வியும் போதும். ஒளித்தட்டைப் படிக்கவோ, அதற்கென்று அமைந்த கருவி வேண்டும். கருவி இல்லையேல் தட்டு ஊமை. இவ்வுண்மையை நம்மவர் இல்லங்கள் தோறும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, சிற்றூர், வாளையாறு, கோவிந்தாபுரம் ஆகிய பகுதிகளிலும், இடுக்கி மாவட்டத்தில் மூணாறு, தேவிகுளம், பீருமேடு, வண்டிப்பெரியார், உடும்பன்சோலை ஆகிய பகுதிகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒளித்தட்டு இல்லாத வீடு அரிது. அலமாரியின் மேல்தட்டிலோ, துணிப்பெட்டியின் அடியிலோ, பழைய மிட்டாய் டப்பாவிலோ பத்தோ இருபதோ கட்டாயம் இருக்கும். பாதி திரைப்படங்கள், மீதி நம் வீட்டு நிகழ்ச்சிகள். மகளின் திருமணம், பேரனின் காதணி விழா, ஊர்க்கோயில் கொடை, சிற்சில வீடுகளில் முதியோரின் இறுதி ஊர்வலமுங்கூட அவற்றில் அடங்கியிருக்கும். நம்மவர் பேச்சில் இவை அனைத்திற்கும் ‘சி.டி.’ என்று ஒரே பெயர்.

காலம் மாறிய கதை

இசைக்கான சி.டி. 1982ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. ஹாலந்து நாட்டுப் பிலிப்ஸ் நிறுவனமும் ஜப்பானியச் சோனி நிறுவனமும் கூடி ஆக்கியது அது. அதே அளவுள்ள தட்டில் படத்தையும் அடக்கும் வி.சி.டி. முறை 1993ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. அதனினும் மேம்பட்ட டி.வி.டி. கருவிகள் 1996ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஜப்பானிலும், அடுத்த ஆண்டில் அமெரிக்காவிலும் கடைக்கு வந்தன. புளூரே என்னும் வகை 2006ஆம் ஆண்டில் வந்தது.

நம் நாட்டில் இத்தட்டுகள் ஏழை எளியோர் கைக்கும் எட்டுமாறு செய்ததில் மோசர் பேயர் என்னும் இந்திய நிறுவனத்திற்குப் பெரும் பங்குண்டு. 2007ஆம் ஆண்டில் அந்நிறுவனம் திரைப்பட வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும், டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தாய்மாரும் ஒருநாட் கூலியில் ஒரு பகுதியைக் கொண்டு ஒரு படத்தைச் சொந்தமாக வாங்கும் நிலை அன்று உண்டாயிற்று. அந்நிறுவனமே 2018ஆம் ஆண்டில் கலைப்புக்கு ஆளாயிற்று என்றால், காலத்தின் வேகத்தை என்னென்பது!

உலகெங்கணும் இதே நிலைதான். வீடியோ நாடாக் கருவி செய்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் பூனாய், 2016ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அத்தொழிலை நிறுத்தியது. அதன்பின் அந்த நாடாக்கள் என்னவாயின என்பதை, வீட்டில் வைத்திருப்போர் நன்கறிவர். சாம்சங் நிறுவனம் 2019ஆம் ஆண்டில் அமெரிக்கச் சந்தைக்குப் புதிய புளூரே கருவிகள் விடுவதைக் கைவிட்டது. அஞ்சல்வழி டி.வி.டி. வாடகைக்கு விட்டுத் தொழில் தொடங்கிய நெட்பிளிக்ஸ், 2023ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அந்தப் பணியை முடித்துக்கொண்டது. பதிவு செய்தற்குரிய வெற்றுப் புளூரே தட்டுகளைச் செய்வதைச் சோனி நிறுவனம் 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் நிறுத்தியது. நாடாவுக்கு நேர்ந்த கதி தட்டுக்கும் நேரும் காலம் அணுகிவிட்டது. கருவி கடையில் கிடைக்கும்போதே ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது அறிவுடைமையாம்.

‘கைப்பேசியிலேயே எல்லாப் படமும் வருகிறதே, தட்டு எதற்கு?’ என்று இளைஞர் வினவலாம். வினா நேரியதே. அதற்கு மூன்று விடைகள் உள. ஒன்று, மலைமேல் உள்ள தோட்டங்கள் பலவற்றில் இணைய அலை இன்னும் சரிவர எட்டவில்லை. தட்டுக்கு அலை வேண்டுவதில்லை. இரண்டு, இணையத்தில் இன்றிருக்கும் படம் உரிமக்காலம் முடிந்ததும் நாளை நீங்கிவிடும். விலைகொடுத்து வாங்கிய தட்டு வீட்டிலேயே இருக்கும். மூன்றாவது விடையே தலையாயது. நம் வீட்டுத் திருமணம் எந்த இணையத்திலும் வாராது. அஃது அந்த ஒரு தட்டில் மட்டுமே உள்ளது.

தட்டின் வகைகள்

கருவியை வாங்குமுன் நம்மிடம் உள்ள தட்டுகள் எவ்வகைய என்பதை அறிதல் முதற்கடன். எல்லாத் தட்டும் 12 சென்டிமீட்டர் அகலமும் 1.2 மில்லிமீட்டர் கனமும் உடையவை. எனவே புறத்தோற்றத்தால் வேறுபாடு புலப்படாது. உட்பொருளோ பெரிதும் வேறுபடும்.

வி.சி.டி.யில் படம் 352க்கு 288 புள்ளிகளால் ஆனது. ஒரு தட்டில் ஏறக்குறைய 74 முதல் 80 நிமிடம் வரையே அடங்கும். ஆதலின் ஒரு தமிழ்ப் படத்திற்கு இரண்டு அல்லது மூன்று தட்டுகள் வேண்டியிருந்தன. டி.வி.டி.யில் 720க்கு 576 புள்ளிகள், அதாவது வி.சி.டி.யைப் போல் நான்கு மடங்கு நுண்மை. 4.7 ஜிகாபைட் கொள்ளும் ஒற்றை அடுக்குத் தட்டும், 8.5 ஜிகாபைட் கொள்ளும் இரட்டை அடுக்குத் தட்டும் உண்டு. புளூரேயில் 1920க்கு 1080 புள்ளிகள், டி.வி.டி.யைப் போல் ஐந்து மடங்கு.

ஒரே அளவுள்ள தட்டில் இத்துணை வேற்றுமை எங்ஙனம் உண்டாயிற்று? தட்டின்மேல் லேசர் ஒளி செல்லும் தடம், கோலப்பொடியால் இட்ட சுருள்கோடு போல நடுவிலிருந்து விளிம்பு நோக்கிச் சுற்றிச் சுற்றிச் செல்வது. சி.டி.யில் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே 1.6 மைக்ரான், டி.வி.டி.யில் 0.74, புளூரேயில் 0.32. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தடம் நெருங்க நெருங்க அதைப் படிக்கும் ஒளியும் நுண்ணியதாதல் வேண்டும். சி.டி.க்குக் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளி, டி.வி.டி.க்குச் சிவப்பு ஒளி, புளூரேக்கு நீலமும் ஊதாவும் கலந்த ஒளி. அந்நீல ஒளியே அதன் பெயருக்குக் காரணம்.

தட்டின் அடிப்பக்கத்தை நோக்கின் இன்னொரு செய்தி புலப்படும். வெள்ளிபோல் ஒளிர்வது ஆலையில் அச்சிட்ட தட்டு. திரைப்படங்கள் பெரும்பாலும் இத்தகையவை. சற்றே நீலம், பச்சை அல்லது ஊதா நிறம் தோன்றுவது, கடையில் கணினியால் பதிந்த தட்டு. திருமணத் தட்டுகள் ஏறத்தாழ அனைத்தும் இவ்வகையே. முன்னதில் செய்தி பள்ளங்களாக அச்சிடப்பட்டுள்ளது; எளிதில் அழியாது. பின்னதில் செய்தி ஒரு சாயப் படலத்தில் லேசரால் சுடப்பட்டுள்ளது. வெயிலும் வெம்மையும் ஈரமும் அச்சாயத்தை மெல்ல மெல்லக் கெடுக்கும். நம் வீட்டில் மிக அரியது எதுவோ, அதுவே மிக எளிதில் அழிவது என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

கருவியைத் தேர்தல்

புளூரே கருவி விலை மிக்கது, புதுமையானது, டி.வி.டி.யையும் இயக்கும். ஆதலின் அதுவே சிறந்ததென்று எண்ணத் தோன்றும். ஆனால் புளூரே கருவிகளுட் பல வி.சி.டி.யை ஏற்பதில்லை. பிள்ளைகள் விளையாடும் பிளேஸ்டேஷன் 5 என்னும் கருவி, தட்டுவாய் உள்ள வகையில், டி.வி.டி.யையும் புளூரேயையும் இயக்கும், இசைச் சி.டி.யை இயக்காது. தமிழ்ப் படங்கள் புளூரேயில் வந்தவை சிலவே. நம் இல்லங்களிலோ வி.சி.டி.யே மிகுதி. எனவே வி.சி.டி., டி.வி.டி., இசைச் சி.டி., எம்.பி.3 ஆகிய நான்கையும் ஏற்கும் எளிய டி.வி.டி. பிளேயரே நம்மனோர்க்குச் சாலப் பொருந்தும் என்பது நம் கருத்து.

பாலக்காட்டார் கோவைக்கும் பொள்ளாச்சிக்கும், இடுக்கியார் தேனிக்கும் போடிக்கும் கம்பத்திற்கும் பொருள் வாங்கச் செல்வது வழக்கம். கடைக்குச் செல்வோர் தம் வீட்டுத் தட்டுகளுள் மூன்றைக் கையோடு கொண்டு செல்க: ஒரு வி.சி.டி., ஒரு திரைப்பட டி.வி.டி., கீறல் விழுந்த திருமணத் தட்டு ஒன்று. கடைக்காரரிடம் சொல்லி அங்கேயே போட்டுப் பார்க்க. கடைக்காரர் வைத்திருக்கும் புதுத் தட்டு எந்தக் கருவியிலும் நன்றாகவே ஓடும். நம் பழைய தட்டு ஓடுகிறதா என்பதே தேர்வு.

பழைய கருவியை இரண்டாங்கையாக வாங்குவதும் தவறன்று. தட்டுவாய் தடையின்றித் திறந்து மூடுகிறதா, தட்டு சுழலும்போது கரகரவென ஒலி எழுகிறதா, படத்தின் இறுதிப் பகுதி தடையின்றி ஓடுகிறதா என மூன்றையும் காண்க. லேசர் தளர்ந்த கருவி, தொடக்கத்தை ஒழுங்காகக் காட்டி விளிம்புப் பகுதியில் தடுமாறுவதுண்டு. ரிமோட் இல்லாத கருவியை விலை குறைவென்று வாங்கற்க. பல அமைப்புகளை ரிமோட்டினால் மட்டுமே மாற்ற இயலும்.

அயல்நாட்டில் உறவினர் உடையோர்க்கு ஒரு குறிப்பு. டி.வி.டி. தட்டுகட்கும் கருவிகட்கும் உலகத்தை மண்டலங்களாகப் பகுத்து எண் இட்டுள்ளனர். இந்தியாவின் எண் 5. வளைகுடா நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் 2, மலேசியா, சிங்கப்பூருக்கு 3, அமெரிக்காவுக்கு 1. துபாயிலிருந்து மருமகன் கொணர்ந்த ஆங்கிலப் படத்தட்டு இங்குள்ள கருவியில் ஓடாது மறுப்பது இதனாலேயே, தட்டில் குறையொன்றுமில்லை. ‘எல்லா மண்டலமும்’ என்னும் குறி உள்ள கருவியாயின் இத்தொல்லை இராது.

இணைத்தலும் அமைத்தலும்

கருவியின் பின்புறத்தில் மூன்று வண்ணத் துளைகள் இருக்கும். மஞ்சள் படத்திற்கு, வெள்ளை இடப்பக்க ஒலிக்கு, சிவப்பு வலப்பக்க ஒலிக்கு. அவ்வவ் வண்ணக் கம்பியைத் தொலைக்காட்சியில் அவ்வவ் வண்ணத் துளையில் செருகினால் வேலை முடிந்தது. இக்காலத்து மெல்லிய தொலைக்காட்சிகள் சிலவற்றில் மஞ்சள் துளையைக் காணாது திகைப்பர். அவற்றுட் சிலவற்றில் பச்சைத் துளையே மஞ்சட்கும் உரியது. வேறு சிலவற்றில் காதொலிக் கருவி செருகுவது போன்ற ஒரு சிறு துளை இருக்கும். அதற்கு இணைப்புக் கம்பி ஒன்று தனியே வேண்டும். கருவியிலும் தொலைக்காட்சியிலும் எச்.டி.எம்.ஐ. என்னும் தட்டையான துளை இருப்பின் அதுவே மேலானது. ஒரே கம்பி படத்தையும் ஒலியையும் சேர்த்துக் கொண்டு செல்லும். இதனால் வி.சி.டி. படம் புதுப்படம்போல் ஆகிவிடும் என்று எதிர்பார்த்தல் வேண்டா. இல்லாத நுண்மையை எக்கம்பியும் உண்டாக்காது.

இணைத்த பின்னரும் படம் வாராவிடில், தொலைக்காட்சி ரிமோட்டில் ‘சோர்ஸ்’ அல்லது ‘இன்புட்’ என்னும் பொத்தானை அழுத்தி, நாம் செருகிய துளையின் பெயரைத் தேர்ந்தெடுக்க. பழுது என்று கடைக்குத் தூக்கிச் செல்லப்படும் கருவிகள் பலவற்றுக்கு இதுவே மருந்து.

படம் வண்ணமின்றிக் கறுப்பு வெள்ளையாகத் தோன்றினாலும், மேலும் கீழும் உருண்டாலும், அதற்கும் காரணம் உண்டு. இந்தியாவில் தொலைக்காட்சி முறை ‘பால்’. நொடிக்கு 25 படம். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வழங்குவது ‘என்.டி.எஸ்.சி.’, நொடிக்கு ஏறக்குறைய 30 படம். கருவி ஒரு முறையிலும் தொலைக்காட்சி வேறு முறையிலும் நின்றால் இக்கோளாறு தோன்றும். கருவியின் ‘செட்டப்’ பட்டியலில் ‘டி.வி. டைப்’ என்னுமிடத்தில் ‘ஆட்டோ’ என வைத்தால் சீராகும்.

அடுத்தது படத்தின் வடிவு. 1973ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ராஜராஜ சோழன்’ தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். அதற்கு முன் வந்த நம் பழைய படங்கள் ஏறக்குறைய சதுரமான திரைக்கென எடுக்கப்பட்டவை. அவற்றை இன்றைய அகன்ற தொலைக்காட்சியில் பக்கவாட்டில் இழுத்து நிரப்பினால், நடிகர்திலகத்தின் முகம் பூசணிக்காய் ஆகிவிடும். பத்மினியின் நாட்டியம் பருத்த உருவங்களின் அசைவாகிவிடும். கருவியில் ‘16:9’ என்று வைத்துவிட்டு, பழைய படம் காணும்போது தொலைக்காட்சி ரிமோட்டில் ‘4:3’ எனத் தேர்க. இருபுறமும் கரும்பட்டை தோன்றும். அது குறையன்று, அன்று திரையரங்கில் நம் தாய் தந்தையர் கண்ட வடிவு அதுவே.

ஒலியில் நேரும் தொல்லை ஒன்று. வசனம் முணுமுணுப்பாகவும், பாட்டும் சண்டையும் வீடதிரவும் கேட்கும். அக்கம்பக்கத்தார் சுவரைத் தட்டுவர். ஆறு ஒலிபெருக்கிகட்கென அமைந்த ஒலியைத் தொலைக்காட்சியின் இரண்டு சிறு ஒலிபெருக்கிகள் தாங்க மாட்டாமையே காரணம். ‘ஆடியோ செட்டப்’ பட்டியலில் ‘டவுன்மிக்ஸ்’ என்பதை ‘ஸ்டீரியோ’ என வைத்தால் வசனம் தெளியும். எச்.டி.எம்.ஐ. வழியில் படம் வந்து ஒலி மட்டும் வாராவிடில், ஒலி வகையைப் ‘பி.சி.எம்.’ என மாற்றுக.

பென் டிரைவ் செருகும் துளை உள்ள கருவியாயின் இன்னும் நன்று. ஆனால் பெரும்பாலான கருவிகள் ‘ஃபேட்32’ என்னும் முறையில் அமைத்த பென் டிரைவையே படிக்கும்; அம்முறையில் 4 ஜிகாபைட்டை எட்டும் கோப்பு எதுவும் ஏறாது.

மலையும் வெயிலும்

நம் நாட்டுப் பருவநிலைக்கேற்பக் கருவியைப் பேணுதல் இன்றியமையாதது. மூணாற்றில் தை மாதக் குளிரில் வெளியிலிருந்து கொணர்ந்த கருவியை உடனே இயக்கினால், தேநீர்க் குவளையருகில் மூக்குக்கண்ணாடி மங்குவது போல லேசரின் கண்ணாடிக் கண் பனித்துவிடும். ‘தட்டு இல்லை’ என்று கருவி கூறும். அறையில் ஒரு மணி நேரம் வைத்திருந்து இயக்கின் சரியாகும். ஆனி ஆடி மழையில் சுவர் பூக்கும் வீடுகளில் தட்டுகளின்மேலும் பூஞ்சை படரும். தட்டுகளை உறையிலிட்டு, நிமிர்த்தி அடுக்கி, மூடிய பெட்டியில் வைத்தல் வேண்டும்.

பாலக்காட்டிலோ பங்குனி சித்திரை வெயிலே பகை. சன்னலோரத்திலும், தகரக் கூரைக்கு அடுத்த பரணிலும் தட்டுகளை வைத்தல் கூடாது. கருவியின்மேல் பூவேலைத் துணி விரிக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. தூசிக்கு அது நன்று, இயக்கும்போது எடுத்துவிடுக. உள்வெப்பம் வெளியேற வழி வேண்டும்.

ஐப்பசி கார்த்திகையில் மாலைதோறும் இடியும் மின்னலும் மலைப்பகுதியைக் கலக்குவதை நாம் அறிவோம். வானம் கறுத்ததும் மின்சாரப் பிளக்கை மட்டுமன்றி, டிஷ் ஆண்டெனாவிலிருந்து வரும் கம்பியையும் கழற்றுதல் வேண்டும். மின்னல் அக்கம்பி வழியாகவும் இறங்கும். ஒன்றோடொன்று இணைந்த கருவிகள் அனைத்தும் ஒருங்கே கெடும்.

தட்டைத் துடைக்கும் முறை பலரும் தவறாகச் செய்வது. இசைத்தட்டைத் துடைப்பது போல் சுற்றிச் சுற்றித் துடைத்தல் ஆகாது. மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்க. குறுக்கே விழும் சிறு கீறலைக் கருவி தன் பிழை திருத்தும் கணக்கினால் தாண்டிவிடும். தடத்தின் போக்கிலேயே நீளும் கீறலைத் தாண்டவியலாது. மேலும், சி.டி., வி.சி.டி. தட்டுகளில் செய்தி இருப்பது அடிப்பக்கத்தில் அன்று; பெயர் எழுதும் மேற்பக்கத்தின் மெல்லிய பூச்சுக்குச் சற்றே கீழே. ஆதலின் மேற்பக்கத்தில் கூரிய பேனாவால் எழுதுதல், அஞ்சற்றலை போல் காகிதம் ஒட்டுதல் இரண்டும் கேடு. டி.வி.டி.யில் செய்தி இரண்டு தகடுகளுக்கு நடுவே பொதிந்திருத்தலால் அஃது இன்னும் சற்றுப் பாதுகாப்பானது.

குடும்பத் தட்டுகளைக் காத்தல்

இதுகாறும் கூறியவை கருவியைப் பற்றியவை. இனிக் கூறுவது அதனினும் முதன்மை வாய்ந்தது.

நாம் நன்கறிந்த ஒரு குடும்பம் மூணாற்றுப் பகுதித் தோட்டமொன்றில் வாழ்வது. 2005ஆம் ஆண்டில் அவ்வீட்டுப் பெண்ணுக்குத் திருமணம் நடந்து, இரண்டு வி.சி.டி.க்களில் பதிவாயிற்று. தாலி கட்டி முடிந்ததும் பெண்ணின் தந்தை மாப்பிள்ளை வீட்டாரை நோக்கி, ‘சம்பந்தி, பிள்ளையப் படிக்க வச்சேன். மேக்கொண்டும் படிக்க விடுங்க’ என்று இரண்டே வாக்கியம் பேசினார். மூன்றாண்டு கழித்து அவர் காலமானார். நிழற்படங்கள் உள்ளன, குரல் அந்தத் தட்டில் மட்டுமே. பல்லாண்டு கழித்து மகள் தன் குழந்தைக்கு அதைக் காட்ட விரும்பியபோது, வீட்டுக் கருவி பழுதாகியிருந்தது. இரவல் வாங்கிய கருவி தாலி கட்டும் காட்சி வரை காட்டி நின்றுவிட்டது. இன்னொரு கருவியிலும் அவ்வாறே. லேசர் நடுவிலிருந்து வெளிப்புறம் நோக்கிப் படிப்பதால், முதல் தட்டின் கடைசிப் பகுதியாகிய அப்பேச்சு விளிம்பில் அமைந்திருந்தது. கைபட்டும் ஈரம்பட்டும் முதலில் கெட்டதும் விளிம்பே. இறுதியாகப் போடியில் ஓர் ஒளிப்படக் கடையிலிருந்த பழைய கணினி, ஒரு மணி நேரத்திற்கு மேல் முயன்று அப்பகுதியைப் படித்துக் கொடுத்தது. அன்றே இரண்டு பென் டிரைவ்களில் படி எடுத்தனர். தாத்தாவின் குரலை அப்பேத்தி அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள்.

இதனால் நாம் கொள்ளத்தக்க பாடங்கள் இரண்டு. ஒரு கருவி மறுத்த தட்டை மற்றொரு கருவி ஏற்கலாம். ஆதலின் ‘கெட்டுவிட்டது’ என்று எறிந்துவிடற்க. இன்று ஓடும் தட்டு நாளையும் ஓடும் என்பதற்கு உறுதியில்லை. ஆதலின் இன்றே படி எடுக்க.

படி எடுப்பது அரிய கலை அன்று. கணினியில் தட்டுவாய் இல்லையேல், யு.எஸ்.பி. வழியே செருகும் தனித் தட்டுவாய் கடையில் கிடைக்கும். வி.சி.டி.யைத் திறந்தால் ‘எம்பெக்ஏவி’ என்னும் உறை இருக்கும். அதனுள் ‘டாட்’ என முடியும் கோப்புகளே படம். டி.வி.டி.யில் ‘வீடியோ டி.எஸ்.’ என்னும் உறை. அதை முழுவதுமாக எடுத்துக்கொள்க. வி.எல்.சி. என்னும் இலவச மென்பொருள் இவ்விரண்டையும் இயக்கும். கோப்பின் பெயராக ‘சி.டி. 1’ என்றிடாமல், யார், என்ன நிகழ்ச்சி, எவ்வூர், எந்த ஆண்டு என்பவற்றை எழுதுக. முப்பது ஆண்டு கழித்துப் பார்ப்போர்க்கு முகம் தெரியும், பெயர் தெரியாது.

படிகள் இரண்டு இருத்தல் வேண்டும். இரண்டும் ஒரே கூரையின்கீழ் இருத்தலாகாது. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு வெள்ளத்தையும், 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இரவில் பெட்டிமுடி லயங்கள் மேல் மலை சரிந்து 70 உயிர்களைக் கொண்டுபோனதையும் நாம் மறந்தோமில்லை. உயிர் பிழைத்தோர்க்கு உறவினரின் ஒரு நிழற்படமும் எஞ்சாத வீடுகள் இருந்திருக்கும் என்பதை எண்ணின் நெஞ்சம் கலங்கும். ஒரு படி இங்கிருக்க, மற்றொன்று தென்காசியிலோ தேனியிலோ உள்ள உறவினர் வீட்டில் இருப்பதாகுக.

தம் வீட்டு நிகழ்ச்சியைப் படி எடுத்தலே இங்குக் கூறப்பட்டது. திரைப்படத் தட்டுகளைப் படி எடுத்து விற்பதும் வழங்குவதும் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி குற்றமாம்.

சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள்

தமிழின் முதற் பேசும்படம் 1931ஆம் ஆண்டில் வெளிவந்த ‘காளிதாஸ்’. டி. பி. ராஜலட்சுமி நடித்த அப்படத்தின் பிரதி ஒன்றும் இன்று இல்லை. மலையாளத்தின் முதற் படமாகிய ‘விகதகுமாரன்’ என்பதற்கும் அதே கதி. திரைப்படங்களைக் காக்கப் புனே நகரில் தேசியத் திரைப்படக் காப்பகம் 1964ஆம் ஆண்டிலேதான் தோன்றிற்று. அதற்குள் அழிந்தவை பல. புகழ்பெற்ற படங்கட்கே இந்நிலையாயின், தோட்டத்து லயத்தில் நடந்த திருமணத்தையும், எல்லையோரக் கிராமத்துக் கோயில் கொடையையும் நாமன்றி யார் காப்பார்?

எம்.ஜி.ஆர். அவர்களின் குடும்பத்தார் வாழ்ந்த வடவன்னூரும், மெல்லிசை மன்னர் விசுவநாதன் 1928ஆம் ஆண்டில் பிறந்த எலப்புள்ளியும் நம் பாலக்காட்டு மண்ணிலேயே உள்ளன. இவ்வெல்லைப்புறத்தின் தமிழ் வாழ்வுக்குத் தனி வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் ஒரு பகுதி இன்று நம் வீட்டு மிட்டாய் டப்பாக்களில் மங்கிக்கொண்டிருக்கிறது.

ஆதலின் ஒவ்வோர் ஊர்த் தமிழ்ச் சங்கத்தாரும் ஒரு நல்ல டி.வி.டி. பிளேயரையும், ஒரு தனித் தட்டுவாயையும் வாங்கிச் சங்க அறையில் வைப்பாராக. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணினி அறிந்த இளைஞர் இருவர் அமர்ந்து, உறுப்பினர் கொணரும் குடும்பத் தட்டுகளைப் படி எடுத்துக் கொடுப்பாராக. மலையாள வழியில் பயின்று தமிழ் எழுத்தறியாத நம் பிள்ளைகட்கு, அதே கருவியில் நல்ல பழைய படங்களைப் போட்டு, வேண்டுமிடத்தில் நிறுத்தி, சொல்லுக்குப் பொருள் கூறித் தமிழ் கற்பிக்கவும் இயலும். செலவு சிறிது, பயன் பெரிது.

வீட்டுத் தலைவர்களும் தாய்மார்களும் இவ்விதழைக் கீழே வைத்தவுடன் அலமாரியைத் திறந்து, தட்டுகளை எண்ணிப் பார்ப்பார்களாக. எவ்வீட்டில் எந்த முதியவரின் குரல் எந்தத் தட்டில் உள்ளதென்று குறித்து வைப்பார்களாக. மீதி வேலையை அடுத்த ஞாயிறன்று தொடங்கலாம்.